எலிக்கட்டிலில் ஒரு தங்கக் கோடு

— அவரு வேப்பூருக்குப் போயிருக்காருன்னு சொன்னேன் இல்லிங்களா, கயல்விழி மேடம். ஓட்டலுக்கு டீ கப்பு எறக்கணும். எறக்கி, எண்ணிக் குடுத்து, நாலு கதை பேசி, அவரு வூடு வந்து சேர பொழுது சாஞ்சிடும்.

— பரவால்ல வளர்மதிக்கா. இருந்து பாத்துட்டே போறேன். நல்லூருக்கு சாயங்காலம் பஸ்ஸு இருக்குல்ல?

— இருக்குது. ஆனா நிக்கக்கூட எடம் இருக்காது. நீங்க பெங்களூருல ஏசி காருல போறவங்க.

— நானா? அந்த பஸ்ஸுல தொங்கிகிட்டுதான்கா விருத்தாசலம் காலேஜுக்கு வந்தேன். சாயங்காலம் பஸ்ஸு கெளம்பற வரைக்கும் தர்மராஜும் ஸ்டாண்டுலயே நிப்பான்.

— நிப்பான்.

— ஐயோ, சாரிக்கா. கூடப் படிச்சது, வாய் தவறி வந்துடுது.

— வரட்டும். கூடப் படிச்சவங்களுக்கு அவன். கூட குடும்பம் நடத்தறவளுக்கு அவரு. அந்த ஸ்டூலு வேணாம் மேடம், கப்புக்குப் பூசற கிளேஸ் சிந்தி இருக்குது, சேலையில ஒட்டிக்கும். இந்த சேருல உக்காருங்க. டீ எடுத்தாரேன்.

— உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்.

— எனக்கு ஒரு சிரமமும் இல்ல. தோ, புடிங்க. சக்கரை போதுமான்னு பாருங்க. ச்சூ, ச்சூ... இந்தக் கோழிங்க கதவு தொறந்திருந்தா கம்பெனிக்குள்ளயே பூந்துடுதுங்க.

— வாசல்ல பாத்தேன். உங்க ஊருல கோழிக்குகூட பீங்கான்லதான் தண்ணித் தொட்டி.

— எங்க ஊரா? அப்ப உங்க ஊரு எது?

— எனக்கும் இதான் ஊரு. சும்மா சொன்னேன். இந்தக் கப்பு எவ்ளோ அழகா இருக்கு. தங்கக் கோடு. தோ, அலமாரியில இருக்கறது எல்லாமே கோடு போட்டதுதான் போல. வூட்டுப் பொழக்கத்துக்கே தங்கமா?

— வெளிய போவாதது எல்லாம் வூட்டுக்குள்ள வந்துடும். குடிங்க, ஆறிடப் போவுது. சரி, அவரு கிட்ட என்னா கேக்கணும்? என் கிட்ட கேளுங்களேன். இந்தக் கம்பெனியில அவருக்குத் தெரியாதது பாதி எனக்குத் தெரியும்.

— இல்லக்கா. அவரு கிட்ட கொஞ்சம் தனியா பேசணும்.

— தனியா.

— தப்பா எடுத்துக்காதீங்க.

— எடுக்கலியே. என்னாத்துக்கு எடுக்கப் போறேன். பஸ் ஸ்டாண்டுல தனியா பேசுனீங்க, போன்ல தனியா பேசுனீங்க, இப்ப நேருல தனியா பேசணும். போன வருஷம் உங்க லேபுலேர்ந்து எலிக்கட்டிலு ஆர்டரு வந்துச்சே, அன்னிலேர்ந்து நான் கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிக்கு ஒரு பிராது எழுதிக் கட்டலாமான்னு இருக்கேன்.

— பிராதா? யாரு பேர்ல?

— பேரு எழுதற எடத்துலதான் யோசனையா நிக்குது. இருங்க, போனு அடிக்குது. அவருதான். இந்தப் போனு ஸ்பீக்கருல போட்டாதான் கேக்கும். ஹலோ, சொல்லுங்க.

— வளரு, சாப்ட்டியா?

— ஆச்சி ஆச்சி. கப்பு எறக்கிட்டீங்களா?

— பாதி எறங்கியிருக்குது. ஓட்டல்காரன் ஒவ்வொண்ணா தட்டிப் பாத்து வாங்கறான். வூட்டுக்கு யாருனா வந்தாங்களா?

— யாரு வரப் போறாங்க.

— இல்ல, பெங்களூருலேர்ந்து அந்த எலிக்கட்டிலு பத்தி ஏதாச்சும்... போனு கீனு...

— ஒண்ணும் வரல.

— வந்தா நீ எதுவும் பேசிக்காத, வளரு. எனக்கு சொல்லு. நான் பேசிக்கறேன்.

— நீங்களே பேசுங்க. நடுவுல நான் யாரு.

— கோவமா?

— டீ சூடு. நாக்கு சுட்டுகிச்சி.

— சரி சரி. கோழிக்குத் தண்ணி வெச்சியா?

— இன்னும் இல்ல. வெக்கறேன்.

— விடு, நீ வெக்காத. நான் வந்து ஊத்திக்கறேன்.

— வெயில்ல வாயப் பொளந்துகிட்டு நிக்குதுங்க.

— கொஞ்ச நேரம் தாங்கும். போன வெச்சிடறேன்.

— அக்கா. நான் இங்கதானே உக்காந்திருக்கேன்.

— ஆமா. நல்லாத்தான் தெரியறீங்க.

— வரலன்னு சொல்லிட்டீங்க.

— நீங்க வந்திருக்கீங்கன்னு சொன்னா பாதி கப்ப வண்டியிலயே போட்டுட்டு ஓடி வருவாரு. ஒடஞ்சதுக்கு யாரு பதில் சொல்றது? கேட்டீங்க இல்ல, 'நீ எதுவும் பேசிக்காத, நான் பேசிக்கறேன்'. எனக்கும் ரோஷம் இருக்குதுங்க. உங்க பேரு வந்தா அவரு தொண்டையே மாறுது. அது எனக்குப் புடிக்கல. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்றவ நான்.

— சரி. உங்க கிட்டயே சொல்லிடறேன். நீங்களும் தெரிஞ்சிக்க வேண்டியதுதான். அந்தப் பையை எடுங்க. டவல்ல சுத்தி இருக்கு, மெதுவா.

— எலிக்கட்டிலு.

— ஆமா. நீங்க அனுப்பின அஞ்சுல ஒண்ணு.

— அட, தங்கக்கோடு போட்டது. என்னா ஆச்சி, ஒடஞ்சிடுச்சா?

— ஒடையல. ஒடஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். இதுல என்னா பண்றோம்னு அவரு சொல்லியிருக்காரா?

— எலிக்கு ஸ்கேனுன்னாரு. அதுக்கு மேல சொல்லல. சொல்ற மாதிரி நானும் மூஞ்ச வெச்சிகிட்டு இருக்கல.

— எலிக்கு மயக்கம் குடுத்து இதுல படுக்க வெப்போம். தலை இந்த வளையத்துக்குள்ள இருக்கும், கழுத்து வளையத்து மேல படுத்திருக்கும். அப்பிடியே ஒரு பெரிய காந்தத்துக்குள்ள தள்ளுவோம். ஆஸ்பத்திரியில இருக்கற ஸ்கேன் மிஷினு மாதிரிதான், ஆனா காந்தத்தோட பலம் அதவிட பல மடங்கு. மூளைக்கு எவ்ளோ ரத்தம் போவுதுன்னு அதுல பாக்கலாம்.

— அறுக்காமயா?

— அறுக்காம, ஊசிகூட போடாம. கழுத்து வழியா மேல ஏறற ரத்தத்துக்கு ரேடியோ அலையால ஒரு அடையாளம் வெச்சி விடுவோம். கொஞ்ச நேரத்துல அந்த அடையாளம் மூளையில எவ்ளோ வந்து சேந்துதுன்னு படம் எடுப்போம்.

— பக்கத்து வூட்டுக் கோழியும் நம்ம கோழியும் கலக்காம இருக்க ரெக்கையில சாயம் தடவி விடற மாதிரி.

— அதேதான். ஆனா அந்த அலையை கழுத்துல விடாம அடிச்சிகிட்டே இருக்கணும். அடிக்க அடிக்க சதையில லேசா சூடு ஏறும். காந்தம் பலமாக பலமாக அந்தச் சூடும் கூடும். அது எங்களுக்குத் தெரியும். அளவு தாண்டாம பாத்துக்குவோம்.

— பாத்துக்கிட்டீங்களா?

— பாத்துக்கிட்டதாதான் நெனச்சேன். பக்கவாதத்துக்கு ஒரு புது மருந்து, அது என் பொறுப்பு. பாதி எலிக்கு மருந்து, பாதி எலிக்கு வெறும் உப்புத் தண்ணி. மருந்து போட்ட எலிங்களுக்கு மூளையில ரத்தம் நல்லா கூடி வந்துச்சி. தண்ணி போட்டதுக்கு ஒண்ணும் இல்ல. எங்க டைரக்டரு எழுந்து நின்னு கை குடுத்தாரு. எங்கம்மா நல்லூர் முழுக்க சொல்லிட்டாங்க.

— எங்க வூட்டுலயும் ஒருத்தரு சொன்னாரு. சாப்புடும்போதெல்லாம் சொன்னாரு. 'கயலு மருந்து கண்டுபுடிச்சிட்டா'. கொழம்புல உப்பு இல்லன்னுகூட அவருக்கு ஒறைக்கல அன்னிக்கு.

— அக்கா, சொல்றத முழுசா கேளுங்க. மருந்து பட்ட கட்டில்ல தண்ணி எலியப் படுக்க வெச்சா ஒட்டிக்குமோன்னு பயம். அதனால கட்டில பிரிச்சி வெச்சேன். மருந்து எலிக்கு இந்தத் தங்கக் கோடு போட்டது. தண்ணி எலிக்கு வெள்ளை. பாத்ததும் கண்ணுக்குத் தெரியும், மாறிப் போவாதுன்னு.

— ஏன், வெள்ளைய மருந்துக்கு வெச்சா தெரியாதா?

— தெரியும்.

— அப்பறம்?

— மருந்து என்னுது. என்னுதுக்கு நல்ல கட்டிலு இருக்கட்டும்னு தோணிச்சி.

— ஓ.

— என் கூட பிரவீன்குமாருன்னு ஒரு பையன் வேலை பாக்கறான். போன மாசம் ஒரு நாளு அவசரத்துல தண்ணி எலிய தங்கக் கட்டில்ல படுக்க வெச்சிட்டான். அதுக்கும் ரத்தம் கூடிச்சி. மருந்தே போடாத எலி.

— அப்ப மருந்து?

— மருந்து இல்லக்கா. கட்டிலு. இந்தக் கோடு. வளையத்தச் சுத்தி முழுசா ஓடுது பாருங்க, எங்கயும் அறுபடாம. ரேடியோ அலை பட்டதும் அதுக்குள்ள கரண்டு சுத்த ஆரம்பிச்சிடுது. கோடு சூடாவுது, கழுத்து சூடாவுது, அங்கேர்ந்து மேல ஏறற ரத்தமும் சூடாவுது. அந்தச் சூடு மூளைக்கு ஏறினா ஒடம்பு அங்க ரத்தத்த அதிகமா அனுப்பும். அதத்தான் நான் மருந்து வேலை செய்யுதுன்னு படம் போட்டுக் காட்டியிருக்கேன்.

— எலி சூட்ட அளக்க மாட்டீங்களா? எங்க சூளைக்கே மீட்டரு வெச்சிருக்கோம்.

— அளக்கறோம். பின்னாடி வழியா ஒரு தெர்மாமீட்டரு சொருகி இருக்கும். அதுல எப்பவும் சரியா இருந்துச்சி. கழுத்துல யாரும் பாக்கல. அதுக்கப்பறம் பிரவீன் கண்ணாடி இழை மாதிரி ஒரு தெர்மாமீட்டர கழுத்துல வெச்சிப் பாத்தான். பின்னாடி முப்பத்தேழு டிகிரி, கழுத்துல நாப்பத்தொண்ணு.

— குண்டியில கணக்குப் பாத்து கழுத்துல வேக வெச்சிருக்கீங்க.

— ஆமாக்கா. அதேதான் நடந்துச்சி.

— அதுங்க எதுனா செத்துச்சா?

— ஒண்ணு. கோடு பட்ட எடத்துல தோலு வெந்திருந்துச்சி. அந்த எலிக்கு என்னமோ தோலு வியாதின்னு ஒதுக்கி வெச்சிட்டேன். பாவம். என்னா ஆச்சிக்கா, ஏன் எழுந்துட்டீங்க?

— ஒண்ணும் இல்ல. கோழி. தங்கத்துல காந்தம் ஒட்டாதே மேடம். ஆர்டரு குடுக்கறப்ப இரும்பு ஆவாதுன்னுதான் சொன்னீங்க.

— ஒட்டாது. காந்தத்துக்கு அது இருக்கறதே தெரியாது. ரேடியோ அலைக்குத்தான் தெரியும். நீங்க ஒட்டிப் பாத்தீங்களா என்னா?

— பொதுவா சொன்னேன்.

— கோடு போட்ட கப்ப மைக்ரோவேவ்ல வெச்சா பொறி பறக்கும் இல்ல, அந்த மாதிரிதான் இதுவும்.

— எங்க வூட்டுல மைக்ரோவேவ் இல்லிங்க. நான் கோடு போடறதோட சரி, அப்பறம் அந்தக் கப்ப யாரு எதுல வெக்கறாங்கன்னு பின்னாடியே போயா பாக்க முடியும்? ஏன், நீங்க படிச்சவங்க. பெட்டியத் தொறந்தப்பவே தங்கம்னு தெரியலியா?

— அங்கதான்கா என் தப்பு. எங்க லேபுல மூக்குத்திய கழட்டாம யாரையும் உள்ள விட மாட்டேன். ஆனா இந்தக் கோடு எனக்கு மெட்டலாவே தெரியல. பொறந்ததுலேர்ந்து இந்த ஊரு கப்புல டீ குடிச்ச கண்ணு. கப்புன்னா கோடு இருக்கும், அவ்ளோதான். பிரவீன் கேட்டான், இது என்னா மேடம், பளபளன்னு இருக்குதேன்னு. எங்க ஊரு பக்கம் அப்பிடித்தான் செய்வாங்கன்னு பெருமையா சொன்னேன்.

— சரி, இப்ப என்னா பண்ணப் போறீங்க? எங்க வூட்டுக்காரரு மேல கேஸு போடவா வந்தீங்க?

— சேச்சே. அதுக்கு நேர் எதிரா பண்ணத்தான் வந்தேன். அடுத்த வாரம் லேபுல விசாரணை வெக்கறாங்க. கோடு எப்பிடி வந்துச்சின்னு கேப்பாங்க. நாங்க குடுத்த வரைபடத்துல அது கெடையாது. செஞ்சவங்க மேல தப்புன்னு எழுதினா இந்தக் கம்பெனி பேரு கெட்டுப் போயிடும், இனிமே எந்த லேபும் தர்மராஜ் கிட்ட வராது. அதனால நான்தான் கோடு போடச் சொன்னேன்னு சொல்லிடப் போறேன்.

— நீங்க சொல்லவே இல்லியே.

— சொல்லல. ஆனா அப்பிடி சொல்லிடறேன். மருந்து வேலைய என் கிட்டேர்ந்து எடுத்து பிரவீன் கிட்ட குடுத்துடுவாங்க. எடுக்கட்டும். அத நேருல சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அவரு நல்லவரு, விஷயம் காதுல விழுந்தா நானே செஞ்சேன்னு தானா முன்னால வந்து நின்னுடுவாரு. அப்பிடி வந்து நிக்காதீங்கன்னு சத்தியம் வாங்கணும்.

— இதுக்குத்தான் தனியா.

— ஆமா.

— எங்க வூட்டுக்காரருக்காக உங்க வேலைய நீங்க என்னாத்துக்கு விடணும்? உங்களுக்கு என்னா தலையெழுத்து?

— அவரு ஆசையா செஞ்சதுக்கா. யாரும் கேக்காம, மெனக்கெட்டு, ஒண்ணே ஒண்ணுல மட்டும் கோடு போட்டு அனுப்பி இருக்காரு. அதுக்குப் போயி தண்டனையா?

— ஆசையா.

— நீங்க கோச்சிக்காதீங்க. வேற ஒண்ணும் இல்ல. காலேஜு முடியற அன்னிக்கு எனக்கு ஒரு கப்பு குடுத்தாரு. இதே மாதிரி ஒரு கோடு. இன்னிக்கும் அதுலதான் காபி குடிக்கறேன். பெட்டியத் தொறந்து இந்தக் கோட்டப் பாத்ததும், மறக்கல போலன்னு ஒரு சந்தோஷம். அவ்ளோதான். அந்த சந்தோஷத்துலதான் கண்ணு அவிஞ்சி போச்சி.

— அந்தக் கப்பு. அடியில சின்னதா க-ன்னு எழுதி இருக்கும். க-வுக்குக் கீழ ஒரு புள்ளி, தெரியாம விழுந்தது.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— எழுதினதே நான்.

— என்னாக்கா சொல்றீங்க?

— அப்ப நான் இங்க கோடு போடற வேலைக்காரி. மாமனாரு காலம். இவரு காலேஜுப் புள்ள, டவுசரு மாதிரி ஒரு பேன்ட்டப் போட்டுகிட்டு வருவாரு. ஒரு நாளு ஒரு கப்ப தூக்கிகிட்டு வந்து, 'வளர்மதி, நல்லா ஒரு கோடு போட்டு அடியில க-ன்னு எழுதிக் குடு'ன்னாரு. யாருக்குன்னு கேட்டேன். 'கடவுளுக்கு'ன்னாரு. சாமிக்குன்னு சொன்னதும் நான் வூட்டுக்குப் போயி தலைக்குத் தண்ணி ஊத்திகிட்டு வந்து போட்டேன். அந்த சாமி யாருன்னு கல்யாணத்துக்கு அப்பறம்தான் தெரிஞ்சிது.

— அவரே போட்டதுன்னு சொன்னாரு.

— அவரா? பிரஷ்ஷ கையில குடுத்தா மாட்டு வாலு மாதிரி ஆடும். சக்கரத்துல வெச்சி ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்க, கப்ப மூணு சுத்து சுத்தி வந்தும் முட்டாது. இந்தக் கம்பெனியில கோடுன்னா என் கைதான். அன்னிக்கும் இன்னிக்கும்.

— அப்ப இந்தக் கட்டில்லயும்...

— கை என்னுதுதான்.

— சரி. கை உங்களுது. ஆனா அவரு சொல்லித்தானே போட்டீங்க? அந்தக் கப்பு மாதிரியே?

— உங்களுக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும் இல்ல? அவரு சொன்னாரான்னு.

— நான் அதுக்குக் கேக்கலக்கா.

— அதுக்குத்தான் கேக்கறீங்க. நான் பொம்பளதானே, எனக்குத் தெரியாதா? இப்ப நான் ஆமான்னு தலைய ஆட்டிட்டா எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. பழி உங்களோட போயிடும். கம்பெனி பேரு தப்பிச்சிடும். நீங்க நல்லூரு பஸ்ஸுல ஏறிப் போயிடுவீங்க. ஆனா இந்த ஆளுக்காக பெரிய வேலைய விட்டவன்னு, எங்க வூட்டுக்குள்ள உங்களுக்கு ஒரு எடம் ஆயிடும். நான் சாகற வரைக்கும் அந்த எடத்தப் பெருக்கிகிட்டு கெடக்கணும். என்னால ஆவாது. அதவிட நான் கெட்டவன்னு பேரு வாங்கிக்கறேன்.

— என்னாக்கா சொல்றீங்க, புரியல.

— டீ குடிச்சிட்டீங்களா? கப்ப கையில எடுங்க. கோட்டு மேல நகத்த வெச்சி சுத்தி வாங்க. மெதுவா. என்னா தட்டுப்படுது?

— ஒரு எடத்துல கீறல் மாதிரி.

— வெடிப்பு. மேலேர்ந்து கீழ வரைக்கும் எறங்கி இருக்கும். சூளையில வெடிச்சத தூக்கிப் போட மனசு வராது எங்களுக்கு. வெடிப்புல கிளேஸ அப்பி, இன்னொரு தரம் சுட்டு, மேல தங்கக்கோடு இழுத்துட்டா ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. அப்பவும் தெரியறது வூட்டுக்கு வந்துடும். தோ அலமாரியில தங்கமா மின்னுதுன்னீங்களே, அத்தனையும் வெடிச்சது. இப்ப உங்க கட்டில எடுங்க. வளையம் கட்டிலோட சேர்ற எடத்துல நகத்த வெய்யுங்க.

— அக்கா.

— இருக்குதா?

— இருக்குது.

— அவரு சொல்லல. அவருக்குத் தெரியாம நான் பண்ணது. உங்களுக்குன்னு அவரு ஒண்ணு பண்ணாரு, கோடும் இல்ல, வெடிப்பும் இல்ல. கொழந்தைக்கு எண்ணெ தேய்க்கற மாதிரி அத தேய்ச்சி தேய்ச்சி எடுத்தாரு. எங்கூட வாழற இத்தன காலத்துல எனக்கு ஒரு சாமான அப்பிடிப் பாத்துப் பாத்து பண்ணதில்ல. எனக்கு வயிறு எரிஞ்சிது மேடம். நெஜமாவே எரிஞ்சிது. பேக்கிங்கு என் வேலை. அந்த நல்லத வெளிய எடுத்துட்டு, கழிச்சிப் போட்டிருந்த வெடிச்ச கட்டில எடுத்து, கோடு இழுத்து, வைக்கோல்ல சுத்தி உங்களுக்கு அனுப்பிட்டேன். அதுலயும், பழைய ஸ்பீக்கருலேர்ந்து காந்தத்தக் கழட்டி ஒட்டுதான்னு பாத்துட்டுத்தான் அனுப்பினேன். எலி மேல எனக்கு என்னா கோவம்.

— அப்ப நான் இத்தன மாசமா டவல்ல சுத்தி பூட்டிப் பூட்டி வெச்சது...

— எங்க வூட்டுக் குப்பை.

— கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா.

— இந்தாங்க. அழுவாதீங்க. நீங்க அழுதா எனக்கு நல்லா இருக்கும்னு நெனச்சேன். இல்ல.

— நான் அதுக்கு அழுவல. மத்த நாலு கட்டிலு? அதுல எதுலயாச்சும் தங்கம்...

— சுத்தம். பொட்டுத் தங்கம் கெடையாது. அது நாலையும் அவரு பண்ணி, நான் தொடைச்சி அனுப்பினது. உங்க தண்ணி எலிங்க கணக்கு சரியான கணக்குதான். மருந்த வெள்ளையில படுக்க வெச்சி திரும்பப் பாருங்க. விசாரணையில பொய்யும் சொல்ல வேணாம், வேலையும் விட வேணாம். விருத்தாசலத்துல வளர்மதின்னு ஒருத்தி பொறாமையில வெடிச்ச கட்டில தலையில கட்டிட்டான்னு அப்பிடியே சொல்லுங்க.

— சொன்னா உங்க கம்பெனிக்கு எந்த லேபும் வராது.

— வேப்பூரு ஓட்டலுக்கு கப்பு வேணும்மா. நாங்க பொழச்சிக்குவோம்.

— இப்பதான் மேடம் போயி அம்மா வந்துருக்கு.

— அதுவும் சரிதான். போன்ல பேசிக்காதன்னாரே, பாருங்க, எல்லாத்தையும் பேசிட்டேன்.

— அந்த நல்ல கட்டிலு இன்னும் இருக்காக்கா? எடுத்துகிட்டுப் போவ மாட்டேன். ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்.

— உள்ள வரப்ப அத தாண்டித்தான் வந்தீங்க. வேப்பமரத்தடியில பாதி மண்ணுல பொதஞ்சி கெடக்குது.

— கோழிக்குத் தண்ணி வெக்கறதா? அந்த வெள்ளைத் தொட்டியா?

— அதேதான். வளையத்துக்குள்ள தலைய விட்டு நல்லா குடிக்குதுங்க.

— வாசல்லயா போட்டு வெச்சிருக்கீங்க? அவரு கையால பண்ணதாச்சே. பாத்தா தெரியாதா அவருக்கு, நீங்க மாத்தி அனுப்பிட்டீங்கன்னு?

— தெரியட்டும்னுதான் வாசல்ல வெச்சேன். பாத்துட்டு என்னை நாலு வார்த்தை திட்டுவாரு, எங்கடி கயலுக்கு பண்ணதுன்னு கேப்பாரு, அவரு மனசுல யாருன்னு அன்னிக்கே தெரிஞ்சிடும்னு காத்துகிட்டு இருந்தேன்.

— கேட்டாரா?

— இல்ல. அன்னிலேர்ந்து என்னை விடாம அதுல தண்ணி ஊத்தறது அவருதான்.